அந்த மொட்டைக் கடிதத்தில் இருந்த were

கொழும்பு ஒருகொடவத்தையில் எங்கள் அலுவலகத்துக்கு முன்னால் கன்டெய்னர் லொறி போனால், மேசையில் இருக்கும் தேத்தண்ணீர்க் கோப்பை மெல்ல நடுங்கும். டீசல் மணமும் இஞ்சி மணமும் ஒன்றாய்க் கலந்து வரும்... என் முதல் வேலையை நினைத்தால் முதலில் வருவது அதுதான்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறிப் போவேன். சரக்கு அனுப்பும் சின்னக் கம்பனி. கடிதங்கள் டைப் செய்வது என் வேலை. பக்கத்து மேசையில் ஃபஸீனா, வெள்ளவத்தையிலிருந்து வருபவள். மதியச் சாப்பாடு எப்போதும் இருவரும் சேர்ந்துதான்.

ஒரு நாள் மனேஜர் எழுதித் தந்த கடிதத்தில் "If I was you" என்று இருந்தது. நான் was-ஐ were என்று மாற்றி டைப் செய்துவிட்டேன். அவர் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, I-க்குப் பிறகு were வருமோ? எங்க படிச்சனீர்?"

"நடக்க ஏலாததைச் சொல்லேக்க அப்பிடித்தான் சேர் வரும். நீங்கள் கடிதம் வாங்குற ஆளாக ஏலாதுதானே."

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை அவர் மறக்கவில்லை.

அன்று மதியம் சோற்றுப் பார்சல் சுற்றிய தாளில் ஃபஸீனாவுக்கு அதை எழுதிக் காட்டினேன். இல்லாததைக் கற்பனை செய்து சொன்னால் was போய் were வரும். ஒருவருக்கு இது நடக்க வேண்டும் என்று கேட்டால் "she is" வராது, "she be" வரும். அவள் இரண்டையும் உடனே பிடித்துக்கொண்டாள்.

"தமிழ்ல இந்தக் கரச்சல் இல்லியே. 'இருந்தா'ன்னு சொன்னா எல்லாருக்கும் சரி" என்றாள்.

அடுத்த மாதம், தேத்தண்ணீர் போடும் சோமாவதி அக்காவை மனேஜர் வேலையை விட்டு நிறுத்தினார். அக்காவின் மகளுக்கு டெங்கு. நான்கு நாள் சொல்லாமல் வீட்டில் நின்றுவிட்டார். ஐந்தாம் நாள் வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பத்து நாள் போயிருக்கும்... முதலாளிக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. ஆங்கிலத்தில். மனேஜர் அதன் பிரதியை என் முன்னால் வைத்தார். இரண்டு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தது.

"If she were your relation..."

"We ask that she be taken back."

"இந்த ஒபிஸில இப்பிடி எழுதத் தெரிஞ்சது ஆர், பிள்ளை?"

"நான் எழுதேல்ல சேர்."

"அப்ப வேற ஆர்?"

எனக்கு ஒரே ஒரு பெயர்தான் வந்தது. "தெரியாது சேர்" என்றேன்.

அடுத்து ஃபஸீனாவைக் கூப்பிட்டார். வெளியே வந்தவள் என் பக்கம் திரும்பவில்லை. மறுநாள் மனேஜர் என் மேசையடியில் நின்று சொன்னார்:

"உம்மட சிநேகிதி சொல்லுறா, உமக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதாம். அந்த were ரூல் ஒண்டுதான் பாடமாம்."

சுள்ளென்று சுட்டது. தான் எழுதிவிட்டு என்னை மட்டந்தட்டுகிறாளே என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் பிரின்டரடிக்குப் போனாலே என் கண் பின்னால் போகும். கடைசியில் ஒரு சோதனை வைத்தேன். அம்மாவுக்குச் சுகமில்லை, லீவுக் கடிதம் ஒன்று எழுதித் தா என்று கேட்டேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுதினாள். "If my mother was well..."

சாப்பாட்டுத் தாளில் சரியாகப் பிடித்தவள்! வேண்டுமென்றே பிழை விடுகிறாள்... கள்ளி இவள்தான் என்று முடிவு கட்டினேன். அன்றிலிருந்து தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

முதலாளி சோமாவதி அக்காவைத் திரும்ப எடுத்தார். எழுதிய ஆள் பிடிபடவில்லை. வருடக் கடைசியில் ஃபஸீனா கல்யாணம் முடித்துப் போனாள். அழைப்பு வந்தது. நான் போகவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து, போன மாதம், வெள்ளவத்தையில் ஒரு மருந்துக் கடையில் அவளைக் கண்டேன். கடற்கரைப் பக்கம் நடந்தோம். பிள்ளைகள், வீடு, சுகம் எல்லாம் கதைத்து முடிந்தது. பிறகு அவளே கேட்டாள்.

"அந்தக் கடிதம்... நீங்கதானே எழுதின?"

"நானோ? நீங்கள் எழுதினதெண்டெல்லோ நான் நினைச்சனான்."

அவள் நின்றுவிட்டாள்.

"ஒங்களக் காப்பாத்தத்தான் நான் சேர்கிட்ட அப்பிடிச் சொன்ன, ஒங்களுக்கு இங்கிலீஷ் வராதுன்னு. பொறகு லீவுக் கடிதம் கேட்டீங்க. சேர்தான் ஒங்கள வெச்சி என்னைப் பிடிக்கப் பாக்குறார்னு பயந்து, பிழையா எழுதிக் குடுத்த."

திரும்ப நடக்கத் தொடங்கினோம்.

"என்ட மகள்கிட்டயும் நான் சொல்லீக்கி. எங்கட ஒபிஸ்ல ஒரு பிள்ள தைரியமா எழுதி, ஒரு ஆள்ட வேலைய மீட்டுக் குடுத்தான்னு."

ஓம் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது.

"நான் எழுதேல்ல, ஃபஸீனா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நம்பினாளோ தெரியாது. அவள் சொன்னதை நானும் முழுதாக நம்பினேன் என்று சொல்ல மாட்டேன்... அவளாக இல்லாவிட்டால் எங்களைவிடத் துணிந்த யாரோ ஒருவர் அங்கே வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். அந்த இலக்கணம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று பெருமைப்பட்டுத் திரிந்த நான், சோமாவதி அக்காவுக்காக ஒரு வரி எழுதவில்லை.

இப்போது வேறொரு அலுவலகத்தில் ஒரு பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. வருகிற முறைப்பாடுகளில் ஒரு பிழைகூட இருப்பதில்லை. போனே எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தை வைத்து ஆளைப் பிடிக்கிற காலம் போய்விட்டது.

போன கிழமை பெயரில்லாத கடிதம் ஒன்று வந்தது. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "இது ஆரா இருக்கும் மிஸ்?" என்றார்.

தெரியாது என்றேன். கேட்டிருந்தது நியாயமாக இருந்தது. அன்றே செய்துகொடுத்தேன்.