உப்பு வைத்த இடம்

கல்யாணத்தன்று தாக்கோவுக்கு அவள் அப்பா கொடுத்தது ஒரே ஒரு பசு. மஞ்சள் நிறம் என்பதால் அதற்கு ஓலே என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்காவில் மாடு மேய்த்துப் பிழைக்கும் எங்கள் ஃபுலானிக் குடும்பங்களில் மாடு ஆண்களுடையது, பால் பெண்களுடையது. ஆனால் ஓலே கொம்பு முதல் குளம்பு வரை தாக்கோவுடையது. அந்தத் திமிர் அவளுக்கு உண்டு. இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

அந்த ஓலேதான் இப்போது வேப்பமரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. மூன்று நாளாகக் கண்ணும் தெரியவில்லை. கன்று அதற்கு முன்பே செத்துவிட்டது. கால்நடை டாக்டர் சனூசி வந்து, ஓலேக்கும் மந்தையில் இன்னும் நாலு மாடுகளுக்கும் ரத்தம் எடுத்துப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

"முடிவு வர்ற வரைக்கும் ஒரு மாட்டுப் பாலையும் யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு நகரத்துக்குப் போனார்.

பத்து நாள் ஓடியது. மூன்று வயது மகன் யெரோ காலிச் சுரைக்குடுவையைத் தட்டித் தட்டி அழுதான். அவன் அதுவரை குடித்த பாலை நினைக்கும்போதெல்லாம் தாக்கோ அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"பால் இல்லாத ஃபுலானியும் வால் இல்லாத மாடும் ஒண்ணு. ஈ ஓட்டக்கூட வக்கில்ல" என்றான் புருஷன் கிதாதோ.

"சிரிக்கிற நேரமாங்க இது?"

"அழுதா பால் வருமா சொல்லு, நானும் சேர்ந்து அழறேன்."

அவள் குடிசைக்குப் பின்னால் போனாள். முந்தி முடிச்சை அவிழ்த்து, ஓடைக்கரையில் அள்ளிவந்த வெளிர்மண்ணில் ஒரு சிட்டிகை வாயில் போட்டாள். அவளுக்கு ஆறாவது மாதம். வயிறு ஊரறியத் தெரியும், ஆனால் அதைப் பற்றி அவளும் பேச மாட்டாள், அவனும் கேட்க மாட்டான். எங்கள் ஆட்களுக்கு உயிரைவிட வெட்கம் பெரிது. நல்ல வழக்கம்தான் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

பதினோராம் நாள் சனூசியின் ஜீப் வந்தது. கையில் காகிதத்தோடு இறங்கியவர் நேராகக் கேட்டார்: "மாட்டுக்கு உப்பு எங்க வைக்கிறீங்க?"

"சுத்தமான இடத்துலதான் டாக்டர்" என்றான் கிதாதோ. "ஓடைக்கரையில, தங்கம் தோண்ட வந்தவங்க கல்லை அரைச்சுக் கழுவிக் கொட்டிட்டுப் போனாங்களே, அந்த மண்ணு மேல. மாவு மாதிரி இருக்கும், ஒரு பொட்டுச் சாணி கிடையாது. இவதான் இடம் பார்த்துச் சொன்னா."

உப்பில் சாணி படக்கூடாதென்று அவள் தேடித் தேடிப் பிடித்த இடம் அது. நல்லது தேடப் போய் வினையாக முடிந்தது.

"அந்தத் தங்கக்கல்லுலயே ஈயம் இருக்கு, அரைச்சுக் கொட்டின மண்ணு முழுக்க ஈயம்" என்றார் சனூசி. "அஞ்சு மாட்டு ரத்தத்துலயும் ஈயம் ஏறிக் கிடக்கு. இரும்பு, செம்பு, துத்தநாகம் மூணும் இறங்கிப் போச்சு. ஈயம் உள்ள வந்து உக்காந்தா அதுங்களுக்கு இடம் விடாது. உப்பு தீர்ந்த பிறகும் மாடு அங்கேயே நக்கிட்டு நிக்குமே?"

"விரட்டினாலும் போகாது."

"எப்படிப் போகும்? இரும்பு கொறைஞ்ச உடம்பு மண்ணைத் தேடும். மண்ணைத் தின்னா இன்னும் ஈயம். இன்னும் கொறையும், இன்னும் தேடும். ஈயம் பால்லயும் இறங்கும், அதைக் குடிச்ச பையனுக்கு நாளைக்கே ரத்தம் பார்க்கணும், ஆஸ்பத்திரியில சொல்லிட்டேன். வேற யாராவது அந்த மண்ணை வாயில வச்சீங்களா?"

கிதாதோ சிரித்தான். "மண்ணு திங்க நாங்க என்ன மாடா?"

தாக்கோவின் கை முடிச்சின் மேல் இருந்தது. பேசாமல் இருந்துவிடலாம், வெட்கம் காப்பாற்றப்படும். வேப்பமரத்தடியில் ஓலே இன்னும் முட்டிக்கொண்டு நின்றது. அவள் முடிச்சை அவிழ்த்து, சனூசியின் காகிதத்தின் மேலேயே மண்ணைக் கொட்டினாள். புருஷனைப் பார்க்கவில்லை.

"நான் திங்கறேன் டாக்டரய்யா. நாலு மாசமா. வயித்துல பிள்ளை இருக்கு. என் ரத்தத்தையும் பாருங்க."

கிதாதோ தலையைக் குனிந்துகொண்டான். பிறகு யெரோவைத் தூக்கி ஜீப்பின் சீட்டில் உட்கார வைத்தான்.

"நாளைக்கு வரைக்கும் எதுக்கு டாக்டர்?" என்றான். "இப்பவே கூட்டிட்டுப் போங்க. வயித்துல இருக்கறதையும் சேர்த்து மூணு பேரையும்."