பஞ்சுக்கை அக்கா மணி அடித்த காலை

எங்கள் ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில், பெண்கள் வரிசை முடிகிற இடத்தில் ஒட்டுப்பலகையால் அடைத்த ஒரு சின்ன அறை இருக்கிறது. மூன்று பக்கம் பலகை, ஒரு பக்கம் பச்சைத் திரை. உள்ளே ஏறி நிற்க ஒரு மரப்படி, சுவரில் ஒரு மின்விசிறி, மேசைக்கு அடியில், அழுத்தினால் அபாய மணி அடிக்கும் ஒரு சிவப்புப் பொத்தான். படியில் ஏறிக் கைகளை விரித்து நிற்கும் பெண்களை, ஒரு நாளைக்கு எழுநூறு எண்ணூறு பேரை, தடவிப் பார்த்து அனுப்புகிறவளைத்தான் எல்லோரும் பஞ்சுக்கை அக்கா என்கிறோம். உள்ளே போகிறவர்களின் கைப்பையை வாங்கி வைத்துக்கொள்வது என் வேலை. அவள் திரைக்கு உள்ளே, நான் வெளியே. மூன்று வருடமாக அப்படித்தான்.

அதற்கு முன்பு அவள் எதிர்த் தெருவில் ஒரு துணிக்கடை மாடியில் பெண்களுக்கு அளவெடுத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நிலையத்துக்குள் குண்டு வெடித்த காலையில் அந்தக் கடையின் கண்ணாடி மொத்தமும் தெருவில் கிடந்தது. கடை மறுபடி திறக்கவில்லை. நிலையத்துக்குள் இறந்தவர்கள் அறுபத்திரண்டு பேர். குண்டைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் பெண் என்று தெரிந்ததும், பெண்களைச் சோதிக்கப் பெண்கள் வேண்டும் என்று நாடெங்கும் ஆள் எடுத்தார்கள். அளவெடுத்துப் பழகிய கை என்பதால் அக்காவுக்கு உடனே வேலை கிடைத்தது.

“முன்னாடி இடுப்பு எவ்வளவுன்னு பார்த்தேன். இப்ப இடுப்புல என்னன்னு பார்க்கறேன். நிக்கறவங்க என்னவோ ரெண்டு இடத்துலயும் மூச்சை இழுத்துப் பிடிச்சுட்டுதான் நிக்கறாங்க” என்பாள்.

அந்தக் காலைக்குப் பிறகு நிறைய மாறிப்போனது. நடைமேடையில் இருந்த குப்பைத் தொட்டிகளை எல்லாம் தூக்கிவிட்டார்கள். பழத்தோலைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் திரிகிறார்கள். பெரிய மூட்டையோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால் பக்கத்து இருக்கை காலியாகிவிடுகிறது. “இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கங்க, தண்ணி பிடிச்சுட்டு வந்துடறேன்” என்று முன்பெல்லாம் யாரிடமும் சொல்லலாம். இப்போது அப்படிச் சொன்னால் போலீஸ் வரும்.

ஆனால் அந்தத் திரைக்குள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அக்கா தொடுவது தெரியாது. முதலில் “கை வைக்கறேன்மா” என்பாள், பிறகுதான் வைப்பாள். புருஷனுக்கே இன்னும் சொல்லாத கர்ப்பத்தை இரண்டு பெண்கள் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். “ஒரு சுத்து இளைச்சுட்டீங்களே, மாமியார் வந்திருக்காங்களா?” என்று அவள் கேட்பதும் உள்ளே சிரிப்பு எழுவதும் எனக்குக் கேட்கும். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. கேட்டுக்கொண்டிருப்பேன்.

எட்டுப் பத்து ரயிலுக்குத் தினமும் வருகிற கணக்கு டீச்சரும் அப்படிப் பழகியவர்தான். நான்கு ஊர் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. “என்ன டீச்சர், இன்னிக்கு யாருக்கு முட்டை போடப் போறீங்க?” என்று அக்கா கேட்பாள். “உங்களுக்குத்தான். கியூ நகரவே மாட்டேங்குது” என்பார் டீச்சர். இரண்டு வருடம் இந்தப் பேச்சு நடந்தது. பிறகு ஐந்து மாதம் அவர் வரவேயில்லை. வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தோம்.

அவர் திரும்பி வந்தது ஒரு மோசமான வாரத்தில். வேறொரு ஊரில் ஒரு பெண் வயிற்றில் வெடிமருந்தைக் கட்டிக்கொண்டு பிடிபட்டிருந்தாள். வயிற்றுப் பகுதியை அழுத்திப் பாருங்கள், சந்தேகம் வந்தால் கேள்வி கேட்காமல் மணியை அடித்துவிட்டு வெளியே ஓடுங்கள் என்று எங்களுக்கு உத்தரவு வந்திருந்தது. எங்கள் மேற்பார்வையாளரை மீசை சார் என்போம். அவர் அந்தத் தாளை ஒவ்வொரு அறையிலும் தன் கையாலேயே ஒட்டினார்.

டீச்சர் பாதியாக இளைத்திருந்தார். தொளதொளவென்று ஒரு மேல்சட்டை. கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

“டீச்சர்! எங்க போயிட்டீங்க இத்தனை நாள்?” அக்காவின் குரல். பிறகு, “இது என்ன டீச்சர்?”

மரப்படி கிறீச்சிட்டது.

“இடது பக்கம். என்ன இது, பிளாஸ்டிக் மாதிரி?”

“விடுங்க. கையை எடுங்க. எனக்கு லேட்டாகுது” என்றார் டீச்சர். அவர் குரலே இல்லை அது.

மணி அடித்தது. அக்கா திரையை விலக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்து என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். வரிசை சிதறியது. துப்பாக்கியோடு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் திரையைப் பிடுங்கினார்; வளையங்களோடு கீழே விழுந்தது. படியின் மேல் கைகளைத் தூக்கியபடி டீச்சர் நின்றார். சட்டையைத் தூக்கு என்றார்கள். தூக்கினார். வயிற்றின் இடது பக்கத்தில் தோலோடு ஒட்டிய ஒரு பை தெரிந்தது. மலம் சேரும் பை. கிழக்கு வாசல் முழுவதும் அதைப் பார்த்தது. இரண்டு பேர் போனில் பிடித்தார்கள்.

குடலில் அறுவைச் சிகிச்சை செய்தால் சிலருக்கு அப்படி வெளியே வழி வைப்பார்களாம். அதற்கான டாக்டர் கடிதம் கைப்பையில் இருந்தது. அந்தக் கைப்பை என் கையில் இருந்தது.

ஐந்து நிமிடத்தில் “போகலாம்மா” என்றார்கள். டீச்சர் சட்டையைச் சரிசெய்துகொண்டு என்னிடம் வந்து பையை வாங்கினார். ரயிலுக்குப் போகவில்லை. தெருப் பக்கம் நடந்தார்.

ஜனங்கள் அக்காவுக்குக் கைதட்டினார்கள், அதையும் சொல்ல வேண்டும். மறுநாள் மேலதிகாரி வந்து விழிப்புணர்வுக்கான சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தார். அக்காவின் புருஷன் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுகிறவர், தமாஷான ஆள். அதைச் சட்டம் போட்டு மாட்டப் போனவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவள் கை மாறிவிட்டது. “கை வைக்கறேன்மா” என்று சொல்வது நின்றுபோனது. உலோகம் இருந்தால் கத்தும், துடுப்பு மாதிரி இருக்கும் அந்தக் கருவியால் மட்டும் மேலும் கீழும் தடவிவிட்டு, “அடுத்து” என்பாள். வரிசையில் ஒருத்தி, “பஞ்சு கல்லாயிடுச்சு போல” என்று என் காதுபடவே சொன்னாள்.

“ஒரே ஒரு நிமிஷம் பொறுத்துக் கேட்டிருக்கலாம்” என்று ஒருநாள் இடைவேளையில் சொன்னாள்.

“நிஜமாவே குண்டா இருந்திருந்தா ஒரு நிமிஷம் போதுமேக்கா” என்றேன்.

“அதான்டி. அதையும் நெனச்சுட்டேன். ரெண்டையும் மாத்தி மாத்தி நெனச்சுட்டே இருக்கேன்.”

டீச்சரோடு வேலை பார்க்கிற இன்னொரு ஆசிரியை சொல்லித்தான் எங்களுக்கு மற்றது தெரிந்தது. டீச்சர் இப்போது ரயிலை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போகிறாராம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். நடுவில் அந்தப் பையைச் சுத்தம் செய்ய இடம் கிடையாது. “இந்த மாசக் கடைசியில வேலையை விட்டுடறேன்னு எழுதிக் கொடுக்கப் போறாங்க” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி. கதவு திறந்தது, ஆனால் சங்கிலியை எடுக்கவில்லை. நான்கு விரல் இடைவெளியில் டீச்சரின் முகம்.

“மன்னிப்பு கேக்க வந்தீங்களா? போன்ல அந்தப் படம் எங்க பள்ளிக்கூடத்துப் பசங்க வரைக்கும் வந்துடுச்சு. மன்னிப்பை வெச்சு நான் என்ன பண்ண?”

“இல்ல டீச்சர். நீங்க மறுபடி ரயில்ல போகணும். அதுக்கு நான் என்ன செய்யணும்னு கேக்க வந்தேன்.”

“மணி அடிச்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த அறுபத்திரண்டு பேர்ல என் கூடப் படிச்சவளும் ஒருத்தி. உங்க இடத்துல இருந்தா நானும் அடிச்சிருப்பேன்.” கதவின் விளிம்பை அவர் விரல்கள் பிடித்திருந்தன. “ஆனா நீங்க ஓடிட்டீங்க. ரெண்டு வருஷம் தினம் தினம் பேசினவங்க, என்னைப் பார்த்துப் பயந்து ஓடினீங்க. சரி, உயிருக்குப் பயம். ஒண்ணுமில்லன்னு தெரிஞ்ச பிறகாவது வந்து எனக்கு முன்னால நின்னு மறைச்சிருக்கலாமே? அவ்வளவு பேர் இருந்தீங்க. ஒரு துணியை எடுத்துப் போடறதுக்கு ஒருத்தருக்கும் தோணலையே.”

என் தோளில் அன்றைக்கு ஒரு துண்டு கிடந்தது என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“அந்தப் பையை எப்படித் தொட்டா உங்களுக்கு வலிக்காது?” என்று கடைசியில் அக்கா கேட்டாள்.

டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கரும்பலகைக்கு முன்னால் நின்று பேசுவது போலச் சொன்னார். உள்ளங்கையைத் தட்டையாக வைக்க வேண்டும். விரல் நுனியால் அழுத்தக் கூடாது. முன்கூட்டியே கேட்டால் சொல்லிவிடுவோம், அழுத்திவிட்டுக் கேட்டால் வாய் வராது. சொல்லி முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா தன் வீட்டுத் தையல் மிஷினில் கனமான துணியில் இரண்டாவது திரை ஒன்று தைத்தாள். வெளித்திரையை யார் பிடுங்கினாலும் உள்திரை நிற்கும். கொக்கிகள் உள்பக்கம் என்பதால் உள்ளே இருந்துதான் அதைத் திறக்க முடியும். அதைப் பார்த்ததும் மீசை சார் எகிறினார்.

“யாரைக் கேட்டு மாட்டினீங்க? உள்ள ஒருத்தி நிஜமாவே குண்டோட நின்னா எங்க ஆளுங்க என்ன பண்றது?”

“உள்ள நானும் நிப்பேன் சார். நான் ஓட மாட்டேன். பார்த்துட்டுக் குரல் கொடுக்கறேன்.”

“செத்துப்போவீங்க.”

“ஓடினா மட்டும் எவ்வளவு தூரம் ஓடிடுவேன்? முட்டி வேற வலிக்குது.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீசையைத் தடவி மறைத்தார். நான்கு நாள் பார்க்காதவர் மாதிரியே நடந்துகொண்டார். ஐந்தாம் நாள், அதே நிறத்தில் மற்ற வாசல்களுக்கும் தைத்துவிடும்படி சொன்னார். வயிற்றை அழுத்திப் பார்க்கச் சொன்ன அந்த உத்தரவுத் தாள் மட்டும் அப்படியே ஒட்டியிருந்தது.

திரை மாட்டுகிற சாக்கில் அக்கா ஒவ்வோர் அறைக்கும் போனாள். அங்கே இருந்த பெண்களிடம் டீச்சர் சொன்னதைச் சொன்னாள். நம்பாதவர்களின் கையைப் பிடித்துத் தன் வயிற்றிலேயே வைத்துக் காட்டினாள். “இப்படி. வாய்ல ‘உடம்புக்கு ஏதாவது வெச்சிருக்கீங்களா’ன்னு முதல்ல கேளு. கேட்டா நாக்கு தேஞ்சுடாது.” பழைய கை கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குத் திரும்பியது.

ஆனால் எட்டுப் பத்துக்கு டீச்சர் வரவில்லை. அந்த மாதத்தின் கடைசி வாரத்தில் அக்கா ஏழரையிலிருந்தே தெருவைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். “அவங்க வந்தா கியூல நிக்க விடாதே, முன்னாடியே கூட்டிட்டு வந்துடு” என்று எனக்குக் கட்டளை. நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மாதத்தின் கடைசி நாள் எட்டு மணி தாண்டி, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நடைமேடையில் அவரை நான்தான் முதலில் கண்டேன். அதே தொளதொளச் சட்டை. ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தார். எங்கள் வாசல் வழியாக அவர் வரவில்லை.

நான் திரையை லேசாகத் தட்டினேன். அக்கா தலையை நீட்டிப் பார்த்தாள். ரயில் வந்தது. டீச்சர் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

இடைவேளையில் மேற்கு வாசல் பெண் மூச்சு வாங்க ஓடிவந்தாள். “அக்கா, உங்க டீச்சர் எங்க வாசல் வழியா வந்தாங்க. அவ்வளவு தூரம் சுத்தி நடந்து வந்திருக்காங்க, பாவம். நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியே கேட்டுட்டுதான் கை வெச்சேன். தேங்க்ஸ்னு சொன்னாங்க.”

“யாருக்குச் சொன்னாங்க?”

“எனக்குத்தான்.”

அக்கா கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கும் அங்கதான் வருவாங்க” என்றாள் அவளிடம். “ஒரு ஸ்டூல் போட்டு வை. நடந்து வர்றதுல கால் வலிக்கும்.”