முடிக்கு வெளிச்சம் வைப்பது

கறுப்பு முடியைப் படம் எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. முகத்துக்கு எப்படி விளக்கு வைத்தாலும் கண்ணும் மூக்கும் கிடைத்துவிடும். முடிக்கு நேர் எதிரே விளக்கை வைத்தால் தார் பூசிய பலகைதான் மிஞ்சும். இது தெரியாமல் பியூட்டி பார்லர்காரர்கள் இன்றைக்கும் என்னிடம் வந்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள் சேட்டா என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சாம்பாரில் உப்பைத் தாராளமாகப் போடச் சொல்வது மாதிரிதான் இது. நான் தலையாட்டிவிட்டு என் இஷ்டப்படி எடுப்பேன்.

விளக்கு பின்னால் இருக்க வேண்டும். கேமராவிலிருந்து பார்க்க, மாடலின் தோளுக்குப் பின்னே, ஒரு பக்கமாக, தலையைவிடக் கொஞ்சம் உயரத்தில். அப்போதுதான் ஓரத்து முடிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும். முன்னால் ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டை போதும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், முன்பு மிளகு மூட்டை அடுக்கியிருந்த ஒரு கோடவுனின் மாடிதான் என் ஸ்டூடியோ. பின் ஜன்னலைத் திறந்தால் காயல். வெயில் ஏறியதும் தண்ணீரின் வெளிச்சம் உத்தரத்தில் பட்டுக் கீழே இறங்கும். அந்த நேரத்தில் பல நாள் விளக்கே வேண்டியிருக்காது.

என் மாடல் என் மனைவிதான். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். பெண் பார்க்கப் போன அன்று அவள் காபித் தட்டோடு வந்ததைப் பார்த்தேன் என்றால் அது பொய். தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் போனதைத்தான் பார்த்தேன். பின்னல் முழங்காலைத் தொட்டது. வீட்டுக்கு வந்ததும் என் அம்மா, கூந்தல் உள்ள சீமாட்டி அள்ளியும் முடிவாள், அவிழ்த்தும் போடுவாள், உனக்கு என்னடா வந்தது என்று கேலி செய்தாள். கேலிக்குள் ஒரு பயமும் இருந்தது, அது நியாயம்தான். மட்டாஞ்சேரியின் உப்புத் தண்ணீருக்கு அந்த முடி தாங்குமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

தாங்கியது. ஒரு பார்லருக்காகப் படம் எடுக்கவிருந்த நாளில் வரவேண்டிய மாடல் வரவில்லை. எனக்குச் சோறு கொண்டுவந்த இவளை ஸ்டூலில் உட்காரவைத்தேன். அதன் பிறகு வேறு யாரையும் நான் தேடவில்லை. தாடையை இறக்கு, இடது தோளைத் தளர்த்து, மூச்சைப் பாதியில் நிறுத்து என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷத்தில் நான் வாயைத் திறக்கும் முன்னே அவள் தோள் இறங்கியிருக்கும். முடிப் படத்துக்கு முகம் தேவையில்லை. மாடல் திரும்பித்தான் உட்காருவாள். அதனால் எங்கள் வீட்டுப் பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் ஸ்டூடியோவில் இப்படித்தான் நடந்தன. அவள் காயலைப் பார்த்துப் பேசுவாள், நான் அவள் முதுகைப் பார்த்துப் பதில் சொல்வேன்.

பிள்ளை விஷயத்தையும் அப்படித்தான் பேசினோம். முதல் கர்ப்பம் மூன்று மாதம்கூட நிற்கவில்லை. அடுத்ததும் அப்படியே போனது. இரண்டு முறையும் அவள் பழனிக்கு வேண்டிக்கொண்டிருந்தாள், பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் முடி தருகிறேன் என்று. ஊரில் எல்லாரும் வேண்டிக்கொள்வது அப்படித்தான். சாமி முதலில் கொடுப்பார், நாம் பிறகு செலுத்துவோம். ஆனால் இரண்டாவது முறைக்குப் பிறகு அவளுக்கு ஒரு எண்ணம் உள்ளே புகுந்துகொண்டது. அந்த முடி எங்கள் பிழைப்பு. கலூரில் ஒரு எண்ணெய்க் கம்பெனியும் நாலைந்து பார்லர்களும் அதை நம்பியிருந்தன. முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிள்ளையைக் கேட்டால் முருகன் எப்படித் தருவார் என்று அவள் நினைத்தாள்.

மூன்றாவது முறை நாலாம் மாதமும் தாண்டியது. டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். ஒரு காலையில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்தபடி அவள் சொன்னாள்.

"இந்தவாட்டி முன்னாடியே குடுத்தரலாமுங்க. பேரம் பேசி ரெண்டு போச்சு."

பிரசவம் கழியட்டும், பிறகு குடும்பத்தோடு போய்க் கொடுக்கலாம் என்றேன். அவள் திரும்பவில்லை. அம்மாவிடம் சொன்னால் அம்மா தடுப்பாள் என்று நினைத்தேன். அம்மாவும் தடுக்கத்தான் செய்தாள். "வயித்துல புள்ளய வெச்சிட்டு ஆரெங்கிலும் முடி எடுப்பாளா?" என்று தன் மலையாளம் கலந்த தமிழில் ஒரு வாரம் முணுமுணுத்தாள். எங்கள் பக்கத்தில் மனைவி உண்டாகியிருந்தால் கணவன்கூடச் சவரம் செய்யமாட்டான். நானும் தாடியோடுதான் திரிந்தேன். ஆனால் இரண்டு முறை வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளிடம் யார் என்ன நியாயம் பேச முடியும்? எனக்கே உள்ளுக்குள், ஒருவேளை இவள் சொல்வதுதான் சரியோ என்று ஒரு பயம் இருந்தது. எனக்கு அந்தப் பிள்ளை வேண்டும். அதற்கு முன்னால் முடியாவது, படமாவது.

போவதற்கு முன் எண்ணெய்க் கம்பெனிக்கு ஒப்புக்கொண்டிருந்த படத்தை மட்டும் எடுத்துவிடலாம் என்று அவளே சொன்னாள். விரித்த கூந்தல், முக்கால்வாசி திரும்பிய முதுகு. வயிறு லேசாகத் தெரிந்தது. கூந்தலில் பாதியை முன்னால் கொண்டுவந்து வயிற்றை மறைத்தேன். அது ஓரத்தில் இறங்கும் கோட்டுக்கும் அழகாக இருந்தது. வலது கையை இடுப்பில் வை என்றால் ஒவ்வொரு முறையும் அந்தக் கை தானாக நகர்ந்து கூந்தலுக்கு அடியில் போய்விடும். நான் திட்டுவேன், அவள் சிரிப்பாள், தோள் குலுங்கும், படம் கெடும். கடைசியில் கை கூந்தலுக்குள் இருந்த படத்தையே அனுப்பினேன். கம்பெனிக்காரர்களுக்கு அதுதான் பிடித்தது.

பழனி அடிவாரத்து மண்டபத்தில் பெண்களுக்கு மொட்டை போட ஒரு அம்மா இருந்தார். இவள் வயிற்றைப் பார்த்ததும் சவரக்கத்தியைக் கீழே வைத்துவிட்டார். இவள் கெஞ்சவில்லை. பிறக்கும் முன்பே கொடுப்பதாகச் சாமியிடம் சொல்லிவிட்டேன், உங்களுக்கு ஒன்றும் பாவம் வராது என்று நிதானமாக விளக்கினாள். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். தண்ணீர் தெளித்து, முடியை இரண்டாகப் பிரித்து முடிந்து, உச்சியிலிருந்து வழித்தார். எத்தனையோ பேர் கண்ணை இழுத்த கூந்தல் டியூப்லைட்டுக்குக் கீழே ஈரத்தரையில் கிடந்தபோது யாருடைய முடியாகவும் இருந்திருக்கலாம். பக்கத்தில் கிடந்த முடியோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சந்தனம் பூசிய தலையை என் தோளில் சாய்த்துத் தூங்கினாள். அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் நாங்கள் சந்தோஷமாக இருந்த நாட்கள். கொடுக்கவேண்டியதைக் கொடுத்தாயிற்று என்று அவளுக்கு நிம்மதி. நான் அவளைப் பழனியாண்டி என்று கூப்பிட்டேன். ஆண்டிக்குச் சாயா போடட்டுமா, ஆண்டிக்குக் கப்பக்கிழங்கு வேகவைக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே பின்னால் நடந்தேன். பிள்ளை உதைத்தால் என் கையை இழுத்து வைத்துக்கொள்வாள். நான் பெண்பிள்ளை என்று பந்தயம் கட்டினேன்.

பெண்பிள்ளைதான். ஆறாம் மாதக் கடைசியில் உதை நின்றது. எர்ணாகுளத்தில் ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பவில்லை. துடிப்பு இல்லை என்று சொன்னபோது இவள் என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரசவத்துக்கு மருந்து கொடுத்தார்கள். ரத்தம் தேவைப்படலாம் என்று என்னை வெளியே அனுப்பினார்கள். பிளட் பேங்க்கில் காத்திருந்து, கலூர் நெரிசலில் மாட்டி, நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த அவளுடைய அண்ணன் பிள்ளையை வாங்கிக்கொண்டு போய் அடக்கமும் செய்துவிட்டார். தகப்பன் பார்க்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்களாம். பார்த்தால் உடைஞ்சிருவீங்க மாப்பிள்ளை என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். நல்லது செய்வதாகத்தான் அந்த மனிதர் நினைத்தார். நான் அவரைத் திட்டவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. பிள்ளையை ஒரு துணியில் வைத்து இவளிடம் மட்டும் காட்டியிருக்கிறார்கள். நானோ கண்ணால் பிழைப்பவன், என் மகளை மட்டும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான், முடி அரும்பிய அந்த மொட்டைத் தலை எங்களைப் படுத்தியது. மொட்டையைக் கண்டால் நம் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான்: வேண்டுதல் பலித்தது, சாமி தன் பங்கைச் செய்துவிட்டார். விஷயம் தெரியாத ஒவ்வொருவரும் சந்தோஷமாக விசாரித்தார்கள். காய்கறிக் கடை சேச்சி இவள் கன்னத்தைத் தொட்டு, "கார்யம் நடந்நு, அல்லே மோளே?" என்று கேட்டாள். இவள் ஆமாம் என்று தலையை அசைத்தாள். விளக்கிச் சொல்ல ஆரம்பித்தால் தெருவிலேயே நின்று அழவேண்டியிருக்கும். எல்லாருக்கும் அதே தலையசைப்புதான். நான் ஒரு ஸ்கார்ஃப் வாங்கிக் கொடுத்தேன். சாமிக்குக் கொடுத்ததை எதற்கு மறைக்கவேண்டும் என்று அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

விஷயம் தெரிந்தவர்கள் இன்னும் மோசம். ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. என் அம்மா, "நான் அப்பவே பறஞ்சதல்லே" என்று ஒரே ஒரு முறைதான் சொன்னாள். அந்த ஒரு முறைக்கு நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டேன். உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்று சும்மா விளையாட்டுக்குச் சொல்வோம். அந்த வசனத்தை அதன் பிறகு என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எண்ணெய்க் கம்பெனியின் விளம்பரப் போர்டு எர்ணாகுளம் பிராட்வேயில் ஏறியது. செக்கப்புக்குப் போய்விட்டு வரும்போது பார்த்தோம். ஒரு கடையின் மாடி உயரத்துக்கு அவள் முதுகு, இடுப்புக்குக் கீழே இறங்கும் கூந்தல், கூந்தலுக்குள் மறைந்த கை. கீழே சனங்கள் பைகளோடு இடித்துக்கொண்டு போனார்கள். அந்தக் கை எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அந்தத் தெருவில் எங்கள் இருவருக்குத்தான் தெரியும். இவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நல்லா எடுத்திருக்கீங்க என்றாள்.

பிள்ளை எப்படி இருந்தது என்று அவளிடம் கேட்க நினைக்காத நாள் இல்லை. அவளைப் போலவா, என்னைப் போலவா? கண் மூடியிருந்ததா? சாப்பிடும்போது வாய் வரைக்கும் வரும். கேட்டால் அவள் அதை மறுபடியும் பார்க்கவேண்டியிருக்குமே என்று விழுங்கிக்கொள்வேன். அவளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. போர்ட் கொச்சியில் ஒரு பார்லருக்கு வேறு மாடலை வைத்து எடுத்துக்கொடுத்தேன். ஏதோ ஒரு முடி, ஏதோ ஒரு வெளிச்சம்.

ஒரு நாள் அவள் சோறு கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, வழக்கம்போல ஸ்டூலில் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"எடுங்க."

எதை எடுப்பது என்று கேட்டேன். இருப்பதை எடுங்கள் என்றாள். முடி அப்போது விரல் கணு அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது. வேண்டாம் என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது, ஆனால் அவள் தோள் அதற்குள் இறங்கிவிட்டது, தாடையும் சரியான இடத்துக்கு வந்துவிட்டது. கை தன்னால் விளக்கைத் தேடியது. வேறு வைக்கத் தெரியாததால் நீளக் கூந்தலுக்கு வைப்பது போலவே பின்னால், பக்கவாட்டில், உயரத்தில் வைத்தேன். லென்ஸை நன்றாகத் திறந்து கிட்டப் போனேன். ஒவ்வொரு முடியின் நுனியும் ஒளியில் கரைந்து மெத்தென்று தெரிந்தது. காது மடல் வெளிச்சம் ஊடுருவிச் சிவப்பாக இருந்தது. உச்சிக்குச் சற்றே இடப்பக்கம் முடி ஒரு வட்டமாகச் சுழன்று இறங்கியது. இத்தனை வருஷம் அந்தத் தலையைத்தான் படம் எடுத்தேன், அவளுக்குச் சுழி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வகிடும் கூந்தலின் பாரமும் அதை மூடியே வைத்திருந்தன. உனக்குச் சுழி இடது பக்கம் என்றேன்.

அவள் எழுந்து வந்து கேமராவை வாங்கினாள். திரையில் இருந்த படத்தை விரலால் பெரிதாக்கினாள். தோள் வெளியே போனது. கழுத்து போனது, காது போனது. இன்னும் கொஞ்சம் நகர்த்தி, சுழியும் அதைச் சுற்றி மெல்லிய முடியும் மட்டும் இருக்கும்படி நிறுத்தினாள். வளர்ந்த பெண்ணின் அடையாளம் எதுவும் அதில் இல்லை.

"இப்படித்தானுங்க இருந்துச்சு. முடி இதவிடப் பூஞ்சை. சுழி இதே எடத்துல."

அவள் கேமராவை என் கையில் வைத்தாள்.

"நீங்க பாக்கலயில்லீங்க. பாத்துக்கங்க."

அந்தக் கேமராவின் திரை கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். அணைய அணையப் பட்டனை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.