செல்லசாமியின் முகம்

கண்காட்சியின் இரண்டாம் நாள் காலை தங்கை அனுப்பிய குரல்செய்தியை லோஜினி மறுபடியும் போட்டுக் கேட்டாள்.

"அக்கா, மீனம்மா அத்த பஸ் ஏறிட்டாங்க. ஒன்னோட படத்த போன்ல பாத்துட்டு, நேர்ல பாக்கத்தான் வாறாங்க."

லோஜினி உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பாலர் பாடசாலை ஆசிரியை. ஓவியம் கற்ற காலத்து நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து நுவரெலியாவில் ஒரு மண்டபம் எடுத்து, ஆளுக்கு நான்கு படங்கள் மாட்டியிருந்தார்கள். அவளுடையதில் பெரியது, சில மாதங்களுக்கு முன் மலை சரிந்து, அவள் குடும்பம் இருந்த லயத்தில், அந்த வரிசை வீடுகளில் கடைசி மூன்றை வாரிக்கொண்டு போன அந்த மத்தியானத்தைப் பற்றியது. இடுப்புவரை சேற்றில் புதைந்து, வாயைப் பிளந்து நிற்கிறவர் மீனம்மாவின் கணவர் செல்லசாமி. அவரைக் கடைசியாகக் கண்டவள் லோஜினி. பத்தடி தள்ளித்தான் நின்றாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அன்றிலிருந்து தகரக் கூரையில் மழை விழுந்தாலே காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, ஓடத் தயாராகக் கதவோரம் உட்கார்ந்துவிடுவாள். படம் வரையும் நேரம்தான் கொஞ்சம் மூச்சு வந்தது. வரையட்டுமா என்று மீனம்மாவிடம் கேட்கத் துணிவில்லை.

"கழட்டிருவோம் வினோஜன்."

ஐந்து பேரில் கண்காட்சிக்காக ஓடியாடியவன் வினோஜன். தலையசைத்து மறுத்தான். "போன்ல படத்த பாத்துட்டுத்தானே வாறாங்க. இப்ப கழட்டினா ஒளிச்ச மாதிரி ஆயிரும்."

கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் எட்டிப் பார்த்தாள். யாரோ நிறங்களைப் பற்றிக் கேட்டார்கள். என்ன பதில் சொன்னாளோ, அவளுக்கே தெரியாது.

பதினொரு மணிக்கு மீனம்மா வந்தார். குடையைச் சுவரில் சாய்த்தார். மற்றப் படங்களைத் திரும்பியும் பார்க்காமல் நேராக அந்தப் பெரிய படத்தின் முன் போய் நின்றார். வெகுநேரம் நின்றார்.

"இது அவரா புள்ள?"

"ஆமாங்க அத்த." லோஜினி பக்கத்தில் போய் நின்றாள். "நான் பக்கத்துலதான் நின்னேன். கால் நகரல. பயந்துட்டேன். ஒங்ககிட்ட சொல்லாம இருந்துட்டேன்."

மீனம்மா திரும்பவில்லை. "கத்துனாரா?"

லோஜினி கண்ணை மூடினாள். இத்தனை மாதமும் காதுக்குள் வராத குரல் அப்போதுதான் வந்தது. "இல்லங்க. கிட்ட வராத, ஓடுன்னாரு."

"அப்ப இது அவரு மூஞ்சி இல்ல. பயந்தது நீ."

"கழட்டிரவா அத்த?"

"மாட்டிட்ட, இருக்கட்டும். அவரு சொன்னத கீழ எழுதி வையி. பாக்குறவங்க தெரிஞ்சுக்கட்டும்."

வினோஜன் ஓர் அட்டையும் பேனாவும் கொண்டுவந்தான். இரண்டு அட்டை வீணாகி, மூன்றாவதில்தான் எழுத்து நேராக வந்தது. மீனம்மா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

மத்தியானம் மழை வலுத்தது. அவரைத் தனியே அனுப்ப மனமில்லாமல் லோஜினியும் பஸ் ஏறினாள். அன்று மலை சரிந்த அந்த வளைவில் பஸ் மெதுவாக ஊர்ந்தபோது தன்னையறியாமல் மீனம்மாவின் கையைப் பிடித்தாள். அந்தக் கையும் சில்லிட்டுப் போயிருந்தது. மீனம்மா கண்ணை இறுக மூடியிருந்தார்.

"தாண்டிட்டமா புள்ள?"

"இன்னுமில்லங்க அத்த," என்றாள் லோஜினி.