முற்றத்தில் மட்டும் ஓடாத மெசின்

ஒரு விசயம் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஜேர்மனியின் எசன் நகரில் நாங்கள் இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்த காலத்தில், இந்தக் குணத்தால் என் வீட்டுக்காரர் பட்ட பாடு கொஞ்சமல்ல. எனக்குச் சமையலறை. அவர் ஹவுஸ்மைஸ்டர், குழாய் ஒழுகினாலும் கதவு இறுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒக்டோபரில் அவர் பனி அள்ளும் மெசினை நிலவறையில் இருந்த கொதிகலன் அறைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். பழைய ஹவுஸ்மைஸ்டர் துருப்பிடிக்க விட்டுவிட்டுப் போன மெசின் அது. இடைவேளையில் தேத்தண்ணி கொண்டுபோகிற சாட்டில் நானும் போய் நிற்பேன்.

"இதென்னப்பா, இறைச்சி அரைக்கிற மெசின் மாதிரிக் கிடக்கு?"

"முன்னாலை பனியை இழுத்து மேலாலை எறியும்."

"எந்தப் பக்கம் எறியும்?"

"நீர் நிக்கிற பக்கம்."

சுருள் கத்தியைப் பிடித்திருந்த ஆணிகள் மெல்லியவையாக இருந்தன. "கண்டறியாத ஆணி! நல்ல தடிப்பா ஒண்டைப் போட்டால் என்ன?" என்றேன். கல் அம்பிட்டால் ஆணிதான் முறியவேண்டும், மெசின் முறியக்கூடாது என்றார். முறிவதற்கென்றே ஆணி செய்து விற்கிறார்களாம். அன்று முழுவதும் உருளைக்கிழங்கு உரித்தபடி அதையேதான் யோசித்தேன்.

ஆனால் அவருக்கு அது பகிடி இல்லை. வேலை செய்த தொழிற்சாலையை மூடிய பிறகு நெடுங்காலம் வீட்டில் இருந்து, வராத பதில்களுக்குக் காத்திருந்து, பேச்சே குறைந்துபோன மனிசன். இந்த வேலையில் 'புறோபெட்சைட்' என்கிற தகுதிகாண் காலம் நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிய இருந்தது. அதற்குள் ஷெஃப், அதாவது எங்களுடையதோடு இன்னொரு இல்லத்தையும் நடத்தும் முதலாளி, வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. அதற்கு முதல்நாள் வியாழக்கிழமை ஷெஃப் வந்து மண்வாரி, பனிக்குத் தூவும் உப்பு, மெசின் எல்லாம் பார்க்கப் போகிறார் என்று அறிவித்திருந்தார்கள்.

வியாழன் காலை முற்றத்துப் புல்லெல்லாம் உறைபனி. நான் சமையலறை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். விடியவே இவர் வெளியே கொண்டுவந்து வைத்திருந்த மெசின் ஒரே இழுவையில் ஸ்ராட் ஆகிவிட்டது. ஷெஃப் தலையாட்டினார். பிறகு இவர் கத்தியைச் சுற்றவைக்கும் பிடியை அமத்தினார், அது அசையவில்லை. இரண்டு கையாலும் அமத்தினார். கத்தி சுற்றவே இல்லை. ஷெஃப் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, உப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் ஏப்ரனோடு நிலவறைக்கு ஓடினேன். இவர் மெசினைத் திரும்பவும் கொதிகலன் அறைக்குள் கொண்டுவந்து, அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். முகம் வெளிறிப்போய் இருந்தது.

"நேற்று நல்லா வேலை செய்ததப்பா. நாசமாப்போனது!" என்றபடி பிடியை அமத்தினார். கொஞ்ச நேரத்துக்கு முன் அசையாத பிடி, வெண்ணெயில் கத்தி இறங்கினதுபோல் இறங்கியது.

மாதாவே, இதென்ன கூத்து! உள்ளே வந்தால் ஓடுகிறது, வெளியே போனால் இறுகுகிறது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கோ, அந்தக் கவலைக்குள்ளும் சும்மா இருக்க முடியவில்லை. பிடியிலிருந்து கீழே, சைக்கிள் பிறேக்கில் போல, உறைக்குள் ஓடும் கம்பியைத் தொட்டு மணந்து பார்த்தேன். என் தலைமயிரின் மணம் அடித்தது.

"இதுக்கு என்ன எண்ணெய் விட்டனீங்கள்?"

"தேங்காயெண்ணெய்தான். இஞ்சை இருந்த மெசின் எண்ணெய் முடிஞ்சுபோச்சு. இந்த நேரத்திலை ஷெஃப்பிட்டை கேக்க ஏலுமே? ஊரிலை பொருளாதாரத் தடைக் காலத்திலை சைக்கிள், தையல் மெசின், கிணத்துக் கப்பி எல்லாத்துக்கும் அதைத்தானே விட்டனாங்கள்."

"ஐயோ, விசர் மனிசா! காலமை தலைக்கு வைக்க முதல் நான் போத்திலை எங்கை வைக்கிறனான்?"

அறையைச் சூடாக்கும் ஹைட்சுங்கின் மேல். எசனில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் குளிர்காலத்தில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் அங்கேதான் நிற்கும், வெள்ளைக் கட்டி உருக. கொதிகலன் அறைச் சூட்டில் எண்ணெயாக இருந்தது, முற்றத்துக் குளிரில் உறைக்குள்ளேயே கட்டிபட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

அப்போது ஷெஃப் வாசலில் நின்றார். "பழைய மெசின், பழுது எண்டு சொல்லுங்கோ," என்று தமிழில் முணுமுணுத்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த டொச் மொழியில், தான்தான் தலைக்கு வைக்கும் எண்ணெயை விட்டதாகவும், குளிரில் அது உறையும் என்பதை யோசிக்கவில்லை என்றும் சொன்னார். முடிஞ்சுது கதை என்று நினைத்தேன்.

ஷெஃப் கம்பியை மணந்து பார்த்தார். சிரிக்கவில்லை. கத்தியை, பூட்டியிருந்த புது ஆணிகளை, துருப் போக்கிய குழாயை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "இந்தக் கம்பியை மாற்று. இனி எண்ணெய் முடிந்தால் என்னிடம் கேள்," என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார். "திங்கட்கிழமை மற்ற இல்லத்துக்குப் போய், அங்குள்ள மெசினையும் இதைப்போல் திருத்து."

கார் போகும் சத்தம் கேட்டது. இவர் என் பக்கம் திரும்பினார்.

"இஞ்சரும், என்ன கிழமை சொன்னவர்?"

"திங்கள்."

"நாளைக்கெல்லோ எனக்குப் புறோபெட்சைட் முடியுது?"

"ஓம். அவர் திங்கள் எண்டவர்."

அவர் மூலையில் கிடந்த உப்பு மூட்டையில் பொத்தென்று இருந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.