அமாவாசைக் கிணறு

எங்கள் வயலில் இருந்த கிணற்றுக்கு ஒரு நாள் பெரியப்பா சொந்தக்காரர், மறுநாள் அப்பா சொந்தக்காரர். பாகம் பிரித்தபோது நிலத்தின் நடுவே வரப்புப் போட்டுக்கொண்டார்கள். கிணற்றின் நடுவே வரப்புப் போட முடியவில்லை, அதனால் நாளைப் பிரித்துக்கொண்டார்கள். இன்று யார் முறை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையில் யாருடைய வடக்கயிறு கிடக்கிறதோ, அன்று கிணறு அவருடையது. அமாவாசையன்று மட்டும் மாடு பூட்டக் கூடாது என்பதால் வடம் இருக்காது. அன்றைக்குக் கிணறு எங்களைப் போன்ற பயல்களுக்கு.

அந்த வருஷம் பங்குனியில், பெரியப்பா முறையன்று சாயங்காலம், தண்ணீர் அள்ளும் அவருடைய இரும்புச் சால் வளையம் தெறித்துக் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. கயிற்றில் கட்டிய கொக்கிக் கொத்தான பாதாளக்கரண்டியை இறக்கித் துழாவினால் மாட்டிக்கொண்டு வந்துவிடும். ஆனால் துழாவ ஒருவர், கூடப் பிடித்து இழுக்க ஒருவர் வேண்டும். அங்கேதான் சிக்கல். அண்ணனும் தம்பியும் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. பேச வேண்டியதையெல்லாம் மாடுகளிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய் மயிலை, நாளைக்கு யாரு முறையோ அவுக எடுத்துக்கிருவாக, நீ நடடா" என்று பெரியப்பா தன் காளையை அதட்டினார்.

மறுநாள் அப்பா தன் காளையின் முதுகைத் தடவி, "போட்டவுகதானடா எடுக்கணும்? நமக்கென்ன வந்துச்சு?" என்றார்.

காளைகள் இரண்டும் விவரமானவை. எதற்கும் வாயைத் திறக்கவில்லை. சால் அடிமட்டத்துக்குப் போயிருக்கும் என்றே எல்லோரும் இருந்துவிட்டார்கள். எட்டிப் பார்க்கக்கூட ஆளில்லை. பார்த்தவர் தலையில் அந்த வேலை விழுந்துவிடுமே!

இந்தக் கதையெல்லாம் தெரியாமல் ஆலங்குடியிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அடுத்த மாதம் பஸ்ஸில் கண்டக்டராகச் சேருவதாக இருந்தார். வேலைக்கு முன்பே விசில் வாங்கிவிட்டார். எங்கள் வீட்டில் அவர் விசில் அடிக்காமல் யாரும் சாப்பிட்டு எழுந்திருக்க முடியாது. மறுநாள் அமாவாசை. என்னையும் கூட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போனார். மேட்டில் நின்று விசில் அடித்து, "ரைட், போகலாம்!" என்று குதித்தார்.

தண்ணீர் தெறித்த சத்தத்தோடு, இரும்பில் எதுவோ மோதின சத்தமும் கேட்டது. சால் அடிக்குப் போகவில்லை. பாதி ஆழத்தில் நீட்டிக்கொண்டிருந்த பாறையில் வாய் மேலாக உட்கார்ந்திருந்தது. மாமா மேலே வந்து படிக்கல்லைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது.

"டேய், உள்ள என்னடா கெடக்கு?" என்று மட்டும் கேட்டார்.

கயிற்றுக் கட்டிலை இறக்கித்தான் அவரை மேலே தூக்கினார்கள். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, முழங்கால் இனி மடங்காது என்று சொல்லி அனுப்பினார்கள். மடங்காத காலோடு ஓடுகிற பஸ்ஸில் யார் ஏறி இறங்குவது? கண்டக்டர் வேலை வேறொருவருக்குப் போயிற்று. மாமா எங்கள் வீட்டு உள்ளறையில் படுத்துக் கிடந்தார். விசில் ஆணியில் தொங்கியது.

தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். கூடத்திலேயே நின்றார். உட்காரவில்லை.

"கெணறு ரெண்டு பேருக்கும் பொதுவாம். கேஸ் போட்டா மாப்பிள்ளை மேலயும் சேத்துத்தான் போடணுமாம்த்தா."

"போடுங்கப்பா" என்றாள் அம்மா.

"போட்டுட்டு ஒன்னைய எங்கிட்டுக் கொண்டுபோயி வைக்கிறது?"

அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள். தாத்தா கோர்ட்டை விட்டுவிட்டு ஊர்க் கூட்டத்தில் முறையிட்டார்.

ஊர்த் தலைவரான அம்பலக்காரர் நடுவில் உட்கார்ந்து, ஊர் வழக்கப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார். "அன்னைக்கிக் கமலையில யாரு வடம் கெடந்துச்சு?"

"அமாவாசைங்க. நான் மாடு பூட்டலை" என்றார் அப்பா.

"தம்பி சொல்றது சரிதாங்க. நானும் பூட்டலை" என்றார் பெரியப்பா.

எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அவர் அப்பாவைத் தம்பி என்றார். எனக்குப் புல்லரித்தது.

"அப்ப அன்னைக்கிக் கெணறு யாரு முறையும் இல்ல. யாரைக் குத்தம் சொல்றது?" என்று அம்பலக்காரர் துண்டை உதறினார்.

"முறை இல்லாத நாள்ல கெணறு எங்கய்யா போயிருச்சு?" என்று தாத்தா கேட்டார். "அங்கினதானே இருந்துச்சு? சாலும் உள்ளதானே கெடந்துச்சு?"

கூட்டம் எழுந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்தே வயலுக்குப் போனார்கள். பெரியப்பா பாதாளக்கரண்டியை விட்டுத் துழாவினார். அப்பா கூடப் பிடித்து இழுத்தார். சால் வந்துவிட்டது. கரையில் உட்கார்ந்து, ஒரே பையிலிருந்து வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

இவ்வளவு நல்ல சேதியை மாமாவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? ஒரே ஓட்டமாக ஓடிப்போய், "மாமா, அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கிட்டாங்க! சாலை எடுத்துட்டாங்க!" என்றேன்.

மாமா ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"எம்புட்டு நேரம்டா ஆச்சு, எடுக்க?"

"என்னா நேரம் மாமா? கரண்டிய விட்டாங்க, வந்துருச்சு."

மாமா சிரித்தார். பிறகு, மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூக்கம் வருகிறது போலிருக்கிறது என்று நினைத்து, நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு விளையாடப் போனேன்.