டேங்க்கில் போட்ட கற்பூரம்

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் குடித்த மருந்துகளைத் திருவண்ணாமலையில் வேறு எந்த வண்டியும் குடித்திருக்காது. எழுபதுகளின் கடைசி அது. எனக்கு ஆறாம் வகுப்பு. சீசாவில் ஒட்டியிருக்கும் இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன் என்பதால் அப்பா என்னை இஞ்சினியரம்மா என்றே கூப்பிடுவார்.

அப்பாவுக்கு மல்லாட்டை மண்டியில் வேலை; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர்களுக்குப் போய்க் கடலை விளைச்சலைப் பார்த்து வரவேண்டும். வண்டி இருந்தால்தான் அந்த வேலை. அப்பா வண்டி ஓட்டிய கடைசிக் கோடையில், அது காலையில் கிளம்ப மறுத்தது. உதைப்பார், உதைப்பார், வேர்த்துப்போய் நிற்பார். வலது கால் செருப்பு வேறு கழன்று கழன்று விழும். பிறகு நான் பின்னாலிருந்து தெருக்கோடி வரை தள்ளுவேன். டுர்ரென்று பிடித்துக்கொண்டு புகையோடு போய்விடும்.

"பெட்ரோல் சரியில்லம்மா. கலப்படம் ஜாஸ்தி," என்பார் அப்பா.

முதலில் பெட்ரோலில் கலக்கும் ஆயிலைக் கம்மி பண்ணிப் பார்த்தோம். பிறகு அம்மாவின் தம்பி மெட்ராஸிலிருந்து ஒரு சிவப்புச் சீசா கொண்டுவந்தார். லிட்டருக்கு ஒரு மூடி என்று போட்டிருந்தது. சீக்கிரம் குணமாகட்டும் என்று இரண்டு மூடி ஊற்றினோம். கேட்கவில்லை.

"சாமித் தேருக்குக்கூட இவ்ளோ செய்யமாட்டாங்க, மாமா. பேசாம உங்க வண்டிய ஒருவாட்டி மலை சுத்திட்டு வரச் சொல்லுங்க," என்று அவர் அப்பாவைக் கிண்டலடித்தார்.

அடுத்து, பெட்ரோல் பங்க்கில் யாரோ சொன்னார்கள் என்று பாச்சை உருண்டையைப் பொடித்துப் போட்டோம். "டேங்க்ல பட்டுப்புடவையா வச்சிருக்கீங்க?" என்று அம்மா மூக்கைப் பொத்தினாள். அதற்கும் வண்டி அசையவில்லை. கிராமத்துக் களங்களில் ஆட்கள் தள்ளிவிட்டுத்தான் அப்பா கிளம்புகிறார் என்ற சேதி மண்டிக்காரர் காதுக்குப் போனது. அவரே எங்கள் வாசலுக்கு வந்து சொன்னார்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற ஆளப் போட்டுடுவேன், தப்பா நினைக்காதய்யா."

அப்போதுதான் நான் கற்பூரத்தைக் கண்டுபிடித்தேன். தண்ணீரில் மிதந்துகொண்டே எரியும், சாம்பல்கூட மிஞ்சாது. இதைவிட நல்ல சரக்கு எது? சன்னதித் தெருக் கடைக்காரர், "என்ன வேண்டுதல் பாப்பா?" என்றார். வண்டிக்கு என்றேன். "அப்போ எலுமிச்சம்பழமும் வாங்கிக்க!"

வியாழக்கிழமை சாயங்காலம் டேங்க்கில் போட்டுக் குலுக்கினோம். அப்பா உதைத்தார். செருப்புதான் பறந்தது. வார் சரியில்லை என்று அதை எடுத்துக்கொண்டு தைக்கிறவரிடம் போனார், ஒரு காலை லேசாக இழுத்தபடி.

அம்மா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே ஒரு உதை. வண்டி உறுமியது! கையைச் சுட்டுக்கொண்டவள் மாதிரி உடனே அணைத்தாள்.

"கற்பூரம் வேலை செய்யுதும்மா!" என்று குதித்தேன்.

"ஆமா," என்றாள் அம்மா. முகம் வெளுத்திருந்தது. "நான் உதைச்சேன்னு அப்பாகிட்ட சொல்லாத."

மறுநாள் காலை அப்பா உதைத்தார். வண்டி கல்லாக நின்றது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் காரணம் பளிச்சென்று புரிந்தது. கற்பூரம் இருந்த இடத்திலேயே ஆவியாகிவிடும், அதற்குப் பதங்கமாதல் என்று பெயர், ராத்திரியே போய்விட்டது என்று அப்பாவுக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"அப்படித்தான் இருக்கும், இஞ்சினியரம்மா. இன்னொரு பாக்கெட் வாங்கிட்டு வா."

ஓடினேன். மூச்சிரைக்கத் திரும்பியபோது அப்பா வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். வலது காலை இரண்டு கைகளாலும் தேய்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய காலையோ தேய்ப்பதுபோல. அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள்.

நான் டேங்க் மூடியைத் திறந்தேன். அம்மா என் கையிலிருந்த பாக்கெட்டை வாங்கினாள். மொத்தத்தையும் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் தட்டில் கொட்டி, தீக்குச்சியைக் கிழித்தாள்.

எனக்கு வந்த ஆத்திரம்! வெள்ளிக்கிழமை விடிந்தாகிவிட்டது, இனி வேறு மருந்து தேட ஏது நேரம்?

"அது சாமிக்கில்லம்மா, வண்டிக்கு!" என்று வாசலிலிருந்து கத்தினேன்.